சங்குக்குத் தப்பி

நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் தினமும் நண்பகலில் தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதும். டார்லாவின் மகள் ஜோலினுக்கு ஆட்டிசம். அந்தச் சத்தம் கேட்டால் சுவரில் தலையை மோதிக்கொள்வாள். ஊர்க் குழுவிடம் முறையிட்டால், "காலங்காலமா ஊதுறது, ஒரு பிள்ளைக்காக நிறுத்துவாங்களா?" என்று கைவிரித்துவிட்டார்கள். அதனால் நண்பகலுக்குள் டார்லா அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு, சத்தம் எட்டாத மண்சாலையில் போய் நிற்பாள்.

ஜோலினுக்குப் பயிற்சி உதவி கேட்டு ஒமாஹா நகரத்து அரசு அலுவலகத்துக்குப் போன் செய்தபோது ஒரு பெண்மணி தேனொழுகப் பேசினாள். "உங்க வட்டாரத்துல நீங்க ஒரு குடும்பம்தாங்க. ஒருத்தருக்காக அங்க ஒண்ணும் தொடங்க முடியாது. ஒமாஹாவுக்கே குடிவந்துடுங்களேன்!"

வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டுப் போக வேண்டுமாம், என்னமோ கடைக்குப் போய் ரொட்டி வாங்குவது மாதிரி! டார்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வேறு வழியின்றி வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை நட்டாள்.

அதே மண்சாலையில் தினமும் ஒரு பழைய பிக்கப் வண்டி நிற்கும். ஓட்டுகிற பெரியவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். இவளும் தூக்குவாள். அங்கெல்லாம் அதுதான் வணக்கம். அதற்கு மேல் விசாரிப்பது மரியாதையில்லை. சோள வயலைப் பார்க்க வந்தவர் என்று அவள் நினைத்திருந்தாள்.

பலகை நட்ட மறுநாள் ஜோலின் கதவைத் திறந்துகொண்டு அந்த வண்டியை நோக்கி ஓடினாள். டார்லா பின்னாலேயே ஓடினாள். பெரியவரின் பக்கத்தில், வெளியே தெரியாதபடி குனிந்து, தாடி நரைக்கத் தொடங்கிய ஒருவன் காதுமூடி மாட்டி உட்கார்ந்திருந்தான்.

"என் மகன் கர்ட்டு. சங்குச் சத்தம் தாங்க மாட்டான்" என்றார் வெர்ன் என்ற அந்தப் பெரியவர்.

"இவளும்தாங்க! இத்தனை நாளா விரலைத் தூக்கினீங்களே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ மட்டும் கேட்டியாம்மா?" என்றவர் முகம் சுருங்கியது. "இவன் சின்னவனா இருக்கறப்பவே உதவி கேட்டோம். வட்டாரத்துலயே நீங்க ஒரு குடும்பம்தான்னுட்டாங்க. என் பொண்டாட்டி சாகுற வரைக்கும் அதை நம்பினா."

 டார்லா நின்ற இடத்திலேயே அந்த அலுவலகத்தைப் போனில் கூப்பிட்டாள்.

"இந்த ரோட்டுல மட்டும் ரெண்டு குடும்பம் நிக்குது. 'நீங்க ஒருத்தர்தான்'னு இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்க?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுங்க."

"அப்ப இருக்காங்க!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள்.

"வண்டியை எடும்மா" என்றார் வெர்ன், அதுவரை எவர் வீட்டு விஷயத்தையும் கேட்டறியாத மனிதர். "வீடு வீடா கதவைத் தட்டிக் கேப்போம்."