மகாராணிக்குக் காய்ச்சல்

எங்கள் வார்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பெற்றவர்கள் கண் கலங்குவார்கள். நானோ சில நேரம் உள்ளுக்குள் துள்ளுவேன். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எலும்பும் தோலுமாக வரும் குழந்தைகளைத் தேற்றி அனுப்பும் நர்ஸ் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மகாராணிக்கு இரண்டு வயது. யாரையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டாள் என்பதால் நாங்கள் வைத்த பெயர். வந்த அன்று உடம்பு ஜில்லென்று கிடந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நெஞ்சில் நிமோனியா. ஊசி குத்தினால்கூட முகம் சுளிக்கவில்லை. பால் சொட்டுச் சொட்டாக இறங்கியது, மருந்து இறங்கியது, நெஞ்சு தெளிந்தது. எடை ஏறத் தொடங்கிய நேரத்தில், இன்று காலை நெற்றி கொதித்தது.

அவள் அப்பா வெல்டர். அம்மா பச்சைக் குழந்தையோடு வீட்டில் இருந்ததால் இவர்தான் கூட இருந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர், துணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்துவிட்டார்.

"வீட்ல இருந்தவரைக்கும் ஒரு நாள் காய்ச்சல் கிடையாது, சிஸ்டர். இங்க வந்துதான் ஒட்டிக்கிச்சு. நான் கூட்டிட்டுப் போறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. மருந்தில்லாமல் வெளியே போனால் குழந்தை பிழைக்காது.

"கொஞ்சம் உக்காருங்க. வந்தப்ப நிமோனியா இருந்துச்சே, அப்ப ஏன் காய்ச்சல் வரல?"

அவர் பையைக் கீழே வைக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? கிருமியோட சண்டை போட உடம்புல ஒண்ணுமே இல்ல. அதான் சூடும் இல்ல. இப்ப காதுல சீழ் பிடிச்சிருக்கு. டாக்டர் பாத்து மருந்து எழுதிட்டாங்க. இந்தத் தடவை உங்க பொண்ணு சும்மா விடல, சண்டைக்கு நிக்கிறா. பாதியில தூக்கிட்டுப் போனா எப்படி?"

"அப்போ காய்ச்சல் நல்லதுன்றீங்களா?"

"நல்லதுன்னு சொல்லல. தெம்பு வந்திருக்குன்னு சொல்றேன்."

அவர் நம்பவில்லை. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். இத்தனை பேசியும் எடுபடவில்லையே என்று எனக்கு எரிச்சல்.

"இந்த ஊசிய மட்டும் போட்டுடறேன். அப்புறம் பேசிக்கலாம்" என்று ஊசியில் மருந்தை ஏற்றி, அவள் தொடையைப் பஞ்சால் துடைத்தேன்.

மகாராணி தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். ஊசியைப் பார்த்தாள். போட்டாளே ஒரு கத்தல்! பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். அவள் உதைத்த உதையில் என் கண்ணாடி தரையில் விழுந்தது. அடுத்து அப்பாவின் மீசையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, "போ! போ!" என்று அலறினாள். இங்கே வந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான்.

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கட்டிலில் உட்கார்ந்தார். அவளை மடியில் இறுக்கி, இரண்டு கால்களையும் தன் முரட்டுக் கைக்குள் அடக்கிக்கொண்டார்.

"போடுங்க சிஸ்டர். பாத்து, நல்லா உதைக்கிறா."