பத்தொன்பதாவது நட்சத்திரம்

மாலிக்பாங் நகரமாகத் தரம் உயர்ந்ததும் அதற்கு ஒரு கொடி தேவைப்பட்டது. நகர மன்ற அலுவலகத்தில் படம் வரையத் தெரிந்தவள் கிறிசாந்தா மட்டும்தான். நீலத்தில் கடல், மஞ்சளில் நெற்கதிர், வார்டுக்கு ஒன்றாக வெள்ளை நட்சத்திரங்கள். மன்றம் ஒருமனதாக ஏற்றது.

எண்பது கொடிகள் தைத்து வந்த பிறகுதான் துணை மேயர் பொன்சியானோ, பன்சிட் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே எண்ணிப் பார்த்தார். வார்டுகள் பதினெட்டு. நட்சத்திரங்கள் பத்தொன்பது.

கிறிசாந்தா எண்ணவில்லை. எது கூடுதல் என்று உடனே தெரிந்துவிட்டது. பள்ளியில் வார்டுப் பெயர்களை ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். வரையும்போது அந்த ராகத்தை முணுமுணுத்துக்கொண்டே வரைந்திருந்தாள். அதில் கடைசிப் பெயர் காபுகான், அவள் பிறந்த ஊர். ஏழு வருஷத்துக்கு முன் புயலில் கடல் அதை எடுத்துக்கொண்டது. மிஞ்சியவர்கள் மேட்டுப்பக்கம் குடியேறினார்கள். மன்றம் பெயரை நீக்கியது. அந்தத் தீர்மானத்தைத் தட்டச்சு செய்தவளும் அவள்தான். அன்று அழுகை வரவில்லை. பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தாள்.

துணை மேயர் கோபப்படவில்லை. ஒன்றின் மேல் நீலத்துணி வைத்துத் தைத்துவிடலாம் என்றார். எதன் மேல் என்பதில்தான் சிக்கல். வார்டுத் தலைவர்கள் முன்னமே வந்து ஆளுக்கொரு நட்சத்திரத்தைத் தங்கள் வார்டுக்கென்று பிடித்துவைத்திருந்தார்கள். உச்சியில் இருந்ததற்கு முதலில் நான்கு பேர் சண்டை. அடியில், கடலை ஒட்டி இருந்ததை மட்டும் யாரும் சீண்டவில்லை.

“அப்ப அதையே மூடிடலாம். இல்லன்னா, வெளிநாட்டுல வேலை பாக்கற நம்ம ஜனங்களுக்குன்னு கொடி விளக்கத்துல எழுதிடும்மா. கைதட்டு விழும்.”

தலையாட்டினால் நட்சத்திரம் பிழைக்கும்; அவள் தவறும் வெளியே வராது. அது போதும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். போதவில்லை என்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

“அது காபுகான் சார்.”

“காபுகான்தான் இல்லியேம்மா.”

“தெரியும் சார். நான்தானே டைப் பண்ணேன்.”

துணை மேயர் மென்று விழுங்கினார்.

“மேட்டுல அவங்க ஓட்டு எத்தனை?”

“இருநூத்திப் பதினொண்ணு.”

“சரி, எழுது. சுருக்கமா எழுது.”

கொடி விளக்கத்தில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு குணம் சொல்லியாக வேண்டும், அதுதான் வழக்கம். மற்றவற்றுக்கு வீரம், உழைப்பு, விருந்தோம்பல் என்று அவள் தாராளமாகவே வழங்கியிருந்தாள். இதற்கு ஒன்றும் பொருந்தவில்லை. மதியம் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, ‘ஊர்’ என்று மட்டும் எழுதினாள்.