பக்கத்து சீட்டின் சத்தம்

வாரண்டி முடிய அறுபத்து மூன்று மணி நேரம் இருந்தது. மூன்று நாட்களுக்குக் கீழே போய்விட்டால் எங்கள் கம்ப்யூட்டர் நாள் கணக்கை விட்டுவிட்டு மணிக் கணக்கில், சிவப்பு எழுத்தில் காட்டும். காலையில் வந்து திரையைத் திறந்தபோது ஒரே ஒரு கார் சிவப்பில் இருந்தது.

பீப் சாரின் கார்.

அந்தப் பெயரை வைத்தது எலெக்ட்ரீஷியன் அண்ணன். காரை எடுத்துக் கிளம்பினால் பக்கத்து சீட்டில் ஆள் இல்லாமலே 'பெல்ட் போடவில்லை' என்று பீப் அடிக்கிறது என்பது அந்த சாருடைய புகார். இந்த மாதத்தில் இரண்டு தடவை வந்துவிட்டார். இரண்டு தடவையும் எங்கள் ஒர்க்ஷாப்பில் கார் வாயைத் திறக்கவில்லை. இன்று மூன்றாவது தடவை.

நான் பார்ப்பது வாரண்டி மேசை. எந்தப் பழுதுக்குக் கம்பெனி பொறுப்பு, எதற்கு இல்லை என்று எழுதி அனுப்ப வேண்டும். என் அறை பின்பக்கம், உதிரிப் பாகங்கள் வைக்கும் அறைக்கும் வண்டி கழுவும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அது வழியாக வேலை முடிந்து திரும்பிப் போகும் வண்டிகள் தெரியும். வாடிக்கையாளர் யாரும் அந்த அறைக்கு வர மாட்டார்கள். அதற்காகவே இந்த வேலைக்குச் சேர்ந்தேன். இயற்பியல் படித்தவளை டீச்சராகப் போகச் சொன்னார் அம்மா. ஒரு வகுப்பு முழுவதும் என் முகத்தையே பார்க்கும் என்று நினைத்தாலே எனக்கு நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும்.

மேனேஜர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"கஸ்டமர்கிட்டப் பேசுற அட்வைசர் இன்னைக்கு லீவும்மா. அந்த பீப் சாரை நீ போய்ப் பாரு."

"நானா சார்?"

"கடிக்க மாட்டாரு. பழுது நம்ம கண்ணுல பட்டாத்தான் வாரண்டின்னு பக்குவமா சொல்லு. உனக்குத்தான் அந்த விதியெல்லாம் மனப்பாடம்."

விதி சின்னதுதான். புகார் சொல்கிற பழுது எங்கள் இடத்தில் ஒரு தடவையாவது தலைகாட்ட வேண்டும். காட்டாவிட்டால் 'பழுது இல்லை' என்று எழுதி மூட வேண்டும்.

சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே காத்திருப்பு அறைக்குப் போனேன். அவர் மூலை நாற்காலியில் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஆனால் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. மடியில் ஒரு கருநீலப் பை. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தார். பக்கவாட்டுப் பையில் ஒரு பிளாஸ்க் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. போன இரண்டு தடவையும் அதே பையோடுதான் அவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன்.

"சார்... வாரண்டி செக்ஷன்."

"வாம்மா, உட்காரு. சத்தம் வந்துச்சா?"

"இல்ல சார். இன்னும்..."

"எப்படிம்மா வராம போகும்? வீட்டுல ஆரம்பிச்சு உங்க வாசல் வரைக்கும் கத்திட்டே வருது. உங்க ஆளுங்களைப் பார்த்ததும் கப்சிப். டாக்டரைப் பார்த்தா காய்ச்சல் விட்டுப் போற மாதிரி." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"சீட்டு மேல ஏதாவது வைப்பீங்களா சார்?"

"ஒண்ணும் வைக்கிறதில்லம்மா. எலெக்ட்ரீஷியனும் கேட்டாரு. வண்டி சுத்தமா இருக்கும். இப்பக்கூட எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் சாவியைக் குடுத்தேன்." சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார். வண்டியை ஒப்படைக்கும் முன் உங்கள் பொருட்கள் அனைத்தையும் எடுத்துக்கொள்ளவும் என்று அதில் இருந்தது.

நான் பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் தொலைந்துபோயிருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடுங்கம்மா" என்றார். "வாரண்டிக்காகச் சொல்லல. அவளைக் கூட்டிட்டு வரணும். என் வீட்டுக்காரியை. அவளுக்குச் சத்தமே ஆகாது. நான் தும்மினாக்கூட, 'ஊரைக் கூட்டாதீங்க'ம்பா."

"அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்களா சார்?"

"ம்" என்றார். பையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்து வைத்துக்கொண்டார்.

"எப்போ வீட்டுக்கு அனுப்புறாங்களாம்?"

"சொல்லுவாங்கம்மா."

அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஒர்க்ஷாப்புக்குப் போனேன்.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் அந்தக் காரின் பக்கத்து சீட்டுக்கு அடியில் தலையை விட்டுக் குனிந்து கிடந்தார்.

"வா தங்கச்சி. பேய் பிடிச்ச வண்டிக்கு வாரண்டி உண்டா, உன் புத்தகத்துல பார்த்துச் சொல்லு."

"வந்துச்சா அண்ணா?"

"எங்க வர்றது? நான் உட்கார்ந்தா கத்துது. இறங்கினா நிறுத்துது. மறுபடி உட்கார்ந்தா கத்துது. என் வீட்டுல நான் போறதும் வர்றதும் யாருக்காவது இவ்வளவு கரெக்டாத் தெரியுமா? சீட்டு தங்கமான சீட்டு. அந்தாளுக்குத்தான் காது சரியில்ல."

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணா. அவங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்களாம்."

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து சீட்டில் உட்கார்ந்தார். கார் பீப் அடிக்க ஆரம்பித்தது. "ச்சே" என்று இறங்கினார். நின்றது.

இன்னொரு தடவை காரை வெளியே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மதியத்துக்குள் மேனேஜரிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. 'பழுது இல்லை. மூடிவிடு.' நான் பழுது இல்லை என்று தட்டினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தவில்லை. வீட்டிலிருந்து வாசல் வரைக்கும் கத்துகிறது என்றவர் பொய் சொல்கிறவர் மாதிரி இல்லை. சீட்டும் பொய் சொல்லவில்லை. இரண்டும் உண்மை என்றால் இடையில் ஏதோ ஒன்று மாறுகிறது. பரிசோதனைக் கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே அவருடைய கார் வந்து நின்றது. சாவியை வாங்கிக்கொண்டார். நேரே ஓட்டுகிற பக்கம் போகவில்லை. சுற்றி வந்து பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தார். பையை அதன்மேல் வைத்தார். அது சாய்ந்தது. நிமிர்த்தி, முதுகு சீட்டில் படும்படி உட்கார வைத்தார். பிளாஸ்க் கதவில் இடிக்காமல் உள்பக்கம் திருப்பினார். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார், உள்ளே யாருடைய விரலாவது மாட்டிக்கொள்ளும் என்பதுபோல.

கார் நகர்ந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது. பீப். பீப். பீப்.

சீட்டுக்குள் இருப்பது ஒரு மெல்லிய சென்சார். அதற்கு எடை மட்டும்தான் தெரியும். நாங்கள் சுவரில் எழுதி வைத்திருப்பதை அவர் அட்சரம் பிசகாமல் கேட்டார். ஒவ்வொரு தடவையும் பழுதைத் தன் கையால் எடுத்துக்கொண்டுபோய் மடியில் வைத்துக் காத்திருந்தார்.

நான் ஓடினேன். அந்த ஒர்க்ஷாப்பில் நான் ஓடியதை யாரும் பார்த்தது கிடையாது. கழுவும் இடத்தில் வழுக்கப் பார்த்தது. "வாரண்டி தப்பிச்சு ஓடுதுடோய்" என்று யாரோ கத்தினார்கள். வெளி வாசலில் அவர் காரை நிறுத்திச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கார் கண்ணாடியைத் தட்டினேன்.

"சார், நானும் கொஞ்ச தூரம் வரட்டுமா? சத்தத்தை நானே கேட்டா நல்லா இருக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. "கேக்குதா? இப்ப உனக்கே கேக்குது பாரு! ஏறும்மா. பின்னாடி உட்காரு, முன்னாடி..." என்று இழுத்தார். முடிக்கவில்லை.

பின்னால் ஏறிக்கொண்டேன். காருக்குள் அந்தச் சத்தம் வெளியே கேட்டதைவிடக் கூர்மையாக இருந்தது. இரண்டு சிக்னல் தாண்டினோம். அவர் ஓட்டிக்கொண்டே, திரும்பாமல், வாய்க்குள் ஏதோ சொன்னார். முதலில் என்னிடம் பேசுகிறார் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை சொன்னபோது கேட்டது.

"போட்டுக்கயேன்."

ஆனாலும் சொல்ல வேண்டியது என் வேலை.

"சார், சீட்டுல பழுது இல்ல. அந்தப் பையோட கனம்தான். ஆள் உட்கார்ந்திருக்காங்கன்னு நினைச்சுக்குது."

அவர் பையைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார்.

"அவ்வளவு கனமாவா இருக்கு?"

"உள்ள என்ன சார் இருக்கு?"

"ஆஸ்பத்திரிக்குக் கட்டின பைம்மா. ரெண்டு செட் துணி. ஒரு போர்வை. சீப்பு. அவ ரிப்போர்ட்டெல்லாம். வீட்டுக்கு வரும்போது போட்டுக்கன்னு ஒரு புதுச் செருப்பு, அளவு பார்க்காம நானே வாங்கிட்டேன். பிளாஸ்க்ல சுடுதண்ணி." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப சூடு இருக்காது."

"தண்ணியைக் கொட்டிட்டாலே கனம் குறையும் சார்."

"கொட்டலாம்" என்றார். அடுத்த வளைவில் திரும்பியதும், "கொட்ட மனசு வரலம்மா" என்றார்.

"இல்லன்னா பையை எங்கிட்டக் குடுங்க. இங்க பின்னாடி வெச்சா நின்னுடும்."

"பின்னாடி வேண்டாம்மா. பின்னாடி உட்கார்ந்தா அவளுக்குத் தலை சுத்தும்."

பீப் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் நெற்றியோரம் ஒரு நரம்பு புடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை வாரண்டி முடிந்துவிடும். கம்பெனியும் இதற்கு ஒன்றும் செய்யாது. இவர் இந்தச் சத்தத்தோடேயே போய்ப் போய் வருவார். எனக்கு ஒரு வழி தோன்றியது. மிகச் சுலபமான வழி. இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்று முன்னால் குனிந்தேன். பக்கத்து சீட்டின் பெல்ட்டை இழுத்தேன். பையின் மேலாகக் கொண்டுவந்து, பிளாஸ்க்கை நசுக்காமல் சரிசெய்து, மாட்டினேன்.

க்ளிக்.

சத்தம் நின்றது.

டயர் சாலையில் உருளும் ஓசை கேட்டது. அதற்குப் பிறகு அவர் மூச்சு கேட்டது. அவர் வேகத்தைக் குறைத்தார். ஒரு மூடிய கடையின் முன்னால், ஓரமாக, காரை நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பையையே பார்த்தார்.

"சரியாயிடுச்சு சார்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அவ பெல்ட் போடவே மாட்டாம்மா." அவர் என்னிடம் சொல்லவில்லை, பையிடமும் சொல்லவில்லை. "கழுத்தை அறுக்குதும்பா. இந்த வண்டி வாங்கின நாள்ல இருந்து தினமும் இதே சண்டைதான். இது கத்தும். 'போட்டுக்கயேன்'னு நான் சொல்லுவேன். 'முதல்ல இதை நிறுத்தச் சொல்லுங்க, காது போகுது'ன்னு அவ கத்துவா. ஆனா போட மாட்டா. கடைசி வரைக்கும் போடல. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கும் இது கத்திட்டேதான் வந்துச்சு."

ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து பெல்ட்டின் மேல் வைத்தார். கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. அது இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல விரலை உள்ளே விட்டுத் தளர்த்தினார்.

நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்த அமைதியில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

"அம்மா வந்ததும் நான் வேணா வந்து சொல்றேன் சார். எப்படிப் போட்டா கழுத்துல படாதுன்னு. உயரத்தை மாத்தலாம். நிச்சயம் போட்டுக்குவாங்க."

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். முதல் தடவையாக நேராகப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"அவ வர மாட்டாம்மா" என்றார். "பையை மட்டும்தான் என்கிட்ட குடுத்தாங்க. அவ செத்துட்டா."