சலூனுக்குப் போன ரவுடி

ரவுடி செய்யாத அட்டகாசம் இல்லை. ஆள் என்னவோ உள்ளங்கை நீளம்கூட இல்லாத நீல மீன், ஆப்பிரிக்க ஏரி இனம். ஆனால் தொட்டியில் இருந்த அத்தனை பேர் கண்ணிலும் விரலை விட்டு ஆட்டினான். பேர் வைத்தவள் தையல்காரம்மாவின் மகள். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களை நினைத்தால் தையல்காரம்மாவுக்கு இப்போதும் சிரிப்பு வரும். ரவுடியின் ஜோடி, முட்டைகளை வாய்க்குள்ளேயே அடைகாத்துக்கொண்டு வாரக்கணக்கில் பட்டினி கிடப்பாள். அவள் சாப்பிடாமல் நானும் சாப்பிட மாட்டேன் என்று மகள் தட்டைத் தள்ளிவிடுவாள். "உன் வாயில என்ன முட்டையா இருக்கு? திறடி" என்று அதட்டித்தான் ஊட்ட வேண்டும். குஞ்சுகள் வாயை விட்டு வெளியே வந்த அன்றைக்கு, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அடடா, எப்பேர்ப்பட்ட வீடாக இருந்தது அது!

மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். எலக்ட்ரீஷியன் கணவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வாளி வாளியாகத் தண்ணீர் மாற்ற யாரால் முடியும்? "போதும், எல்லாத்தையும் குடுத்துடுங்க" என்று தையல்காரம்மாதான் கணவரிடம் சொன்னாள். மற்ற மீன்கள் சுலபமாகப் போயின. ரவுடி மட்டும் இரண்டு வீடுகளிலிருந்து போன வேகத்தில் திரும்பி வந்தான். கடைசியில், பெரிய தொட்டி நிறைய இதே இன முரடர்களை வைத்திருந்த சலூன்காரர் எடுத்துக்கொண்டார். விட்டது தொல்லை என்றுதான் அவளுக்கு இருந்தது.

மகளிடம் இதைச் சொல்லவே இல்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் மகளின் முதல் கேள்வியே, "ரவுடி இன்னிக்கு யாரை அடிச்சான்?" என்பதுதான். அதிலிருந்துதான் பேச்சு ஓடும். அவளைப் பற்றிக் கேட்டால், "நல்லா இருக்கேன்மா." அத்தோடு சரி. இனிமேல் எதைக் கேட்பாள், எதைப் பேசுவாள்?

ஞாயிறு காலை சலூனுக்கே போய் நின்றாள். ஷேவிங்குக்குக் காத்திருந்த ஆண்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

"அவன் யாரை அடிச்சான்னு கேக்க வந்தேன். பொண்ணுகிட்ட சொல்லணும்."

"அவனா? அவனைத்தாம்மா எல்லாரும் அடிக்கிறாங்க" என்றார் சலூன்காரர். "பழைய ஆளுங்க எங்க இடம்னு சண்டைக்கு வரக் கூடாதுன்னு, கல்லையெல்லாம் மாத்தி அடுக்கிட்டுத்தான் இவனை விட்டேன். அப்பவும் ஒரு மூலையைப் பிடிக்கத் தெரியல. மத்தவங்க சாப்பிட்ட மிச்சத்தைத்தான் பொறுக்குறான்."

நீலமெல்லாம் வெளுத்து, ஒரு கல்லுக்குப் பின்னால் ஒண்டிக் கிடந்தான் ரவுடி.

சாயங்காலம் போன் வந்தது. எல்லாரையும் ஒரு வழி பண்ணுகிறான் என்று புளுகத்தான் வாயெடுத்தாள். முடியவில்லை. கொடுத்தது, சலூன், கல், வெளுத்துப்போன நீலம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "திட்டணும்னா திட்டிக்கோடி" என்றாள்.

மகள் திட்டவில்லை.

"சாப்பிடுறானாம்மா?"

"எல்லாரும் சாப்பிட்டப்புறம் மிச்சம் மீதி."

"நானும் இங்க அப்படித்தாம்மா இருக்கேன்" என்றாள் மகள். குரல் உடைந்துவிட்டது.

தையல்காரம்மா போனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வாளியை நான் தூக்கிக்கிறேன். அவனை நாளைக்கே கூட்டிட்டு வந்துடறேன். நீயும் கிளம்பி வாடி."