மேஜையில் இரண்டு கடிதங்கள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. அத்தான் போனில் கூப்பிட்டதில் ஆரம்பித்தது. "உடனே வாடா, ஒரு தப்பு நடந்துபோச்சு."

அத்தான் என்றால் அக்காவின் கணவர். பெரிய இசைமேதைகள் கைப்பட எழுதிய கடிதங்களைச் சேர்ப்பவர். (முதலில் 'புகழ்பெற்ற சேகரிப்பாளர்' என்றுதான் எழுதினேன். அக்கா படித்தால் சிரிப்பாள். அடித்துவிட்டேன்.)

2

அத்தானுக்கு ஒரு வழக்கம். ஒரு கடிதம் வாங்கியதும் அந்தக் காலத்துக் காகிதம் தேடி, அதே மாதிரி மை கலந்து, அதே கையெழுத்தில் எழுதி எழுதிப் பார்ப்பார். கை பழகினால்தான் போலியைக் கண்டுபிடிக்க முடியும் என்பது அவர் கட்சி. எழுதியதை உடனே கிழித்துவிடுவார். இந்த ஒன்றை மட்டும் கிழிக்க மனசு வரவில்லையாம், அவ்வளவு அச்சாக வந்துவிட்டது.

இப்போது மேஜையில் இரண்டு கடிதங்கள். அசலை வாங்கிப்போக அருங்காட்சியகத்துக்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். எது அசல் என்று அத்தானுக்கே தெரியவில்லை.

அத்தான் பூதக்கண்ணாடியை எடுத்து

(வேண்டாம். துப்பறியும் கதையாகிவிடும்.)

3

"தெரியலன்னு சொல்லிடுங்களேன்" என்றேன்.

"சொன்னா, இதுவரைக்கும் நான் குடுத்த எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்கடா. மொத்தமும் நானே எழுதினதும்பாங்க." எனக்குப் பாவமாக இருந்தது.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அப்படி என்னதான் எழுதியிருக்கு? படிங்க."

அத்தான் படித்தார். பிறந்தவீட்டுக்குப் போன மனைவிக்கு அந்த மேதை எழுதியது. நீ இல்லாத வீட்டில் ஒரு மெட்டும் வரவில்லை, சீக்கிரம் வா.

4

இரண்டு முடிவுகள் யோசித்தேன். ஒன்றில் அத்தான் உண்மையைச் சொல்லித் தலைகுனிகிறார். மற்றதில் நான் கண்ணை மூடி ஒன்றைத் தொடுகிறேன். இரண்டும் எனக்கே பிடிக்கவில்லை. நடந்ததும் அதுவல்ல.

அக்கா ஒரு கடிதத்தை எடுத்து நாலாக மடித்தாள்.

"இது நீங்க எழுதினது. எனக்குன்னு ஒரு வரி எழுதினதில்ல நீங்க. இது எனக்கு."

"எப்படிச் சொல்றே?"

"தெரியும்."

கடிதத்தின் முனை மடங்கினாலே வீட்டை இரண்டாக்குகிற அத்தான் அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசல் மணி அடித்தது. மிச்சமிருந்ததை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

5

அவளுக்கு நிஜமாகவே தெரிந்ததா, ஆசைப்பட்டு எடுத்தாளா? குழம்பிக் குழம்பி இந்தப் பகுதியை எத்தனையோ தரம் எழுதிவிட்டேன். அத்தானும் கேட்கவில்லை. நீங்கள் வேண்டுமானால் போய்க் கேளுங்கள், அவள் மடித்து வைத்திருப்பதைப் பிரித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு மனசு வந்தால்.