பெருவிரல் ஓரத்துக் காய்ப்பு

பதினொரு பேரின் முழங்கால் குருத்தெலும்பு மெலிந்திருந்தது. வெண்டலின் லோடருடையது மட்டும் வந்த நாளில் இருந்தபடியே இருந்தது.

"இருபத்தொரு நாள் படுத்த முட்டி இல்ல இது," என்றார் டாக்டர் ஹாட்விக், ஸ்கேன் படத்தைத் தட்டி. "எழுந்து நடக்கிறான்."

தாதி கெசீனா குளியல் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள்.

விண்வெளிக்குப் போகிறவர்களுக்கான ஓர் ஆய்வுக்காக, கொலோன் நகருக்கு வெளியே பன்னிரண்டு பேர் அறுபது நாள் படுக்க வந்திருந்தார்கள். விதி ஒன்றுதான்: ஒரு தோளாவது எப்போதும் மெத்தையில் இருக்க வேண்டும். குளிப்பாட்டும் அரைமணி மட்டும் கேமரா அணையும். அந்த அரைமணிக்குச் சாட்சி தாதியின் கையெழுத்து. இடையில் துண்டு எடுக்கத் தான் வெளியே போய்வந்தது கெசீனாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று போர்வையை விலக்கி அவன் உள்ளங்காலைத் தடவினாள். படுத்தே கிடப்பவனின் குதிகால் தோல் உரிந்து குழந்தைக் கன்னமாகிவிடும்.

"கைரேகை பாத்திருக்கேன் சிஸ்டர். கால்ரேகைகூட உண்டா?"

"சும்மா படுங்க."

குதிகால் மெத்தென்று இருந்தது. பெருவிரல் ஓரத்தில் மட்டும் காய்ப்பு. நுனிக்காலில் நடக்கிறானோ?

"எங்க போய்ட்டு வர்றீங்க?"

"சொர்க்கத்துக்கு. அங்கயும் உருளைக்கிழங்குதான்."

"விளையாடாதீங்க மிஸ்டர் லோடர். உங்க முட்டி மெலியவே இல்ல."

அவன் சிரிப்பு நின்றது. "அப்போ... ஆர்கன் வாசிச்சது தப்பா?"

அவன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவன். ஆர்கனில் காலால் மிதித்து வாசிக்கும் கட்டைகள் மறந்துவிடக் கூடாதென்று, போர்வைக்குள் கால்மாட்டுப் பலகையை மிதித்துப் பழகியிருக்கிறான். தினம் மூன்று மணி நேரம்.

"தோள் மெத்தையிலதானே இருந்துச்சு!"

"முட்டிக்குப் பாரம் கூடாதுன்னுதானே படுக்கவே வெச்சிருக்கோம், மனுஷா!"

டாக்டர் நம்பவில்லை. "நல்ல கதை. மிதிச்சாலும் நடந்தாலும் அவன் ஆய்வுல இல்ல. நடந்திருந்தா நீங்களும் வேலையில இல்ல."

மறுநாள் காலை வீட்டுக்கு அனுப்ப அவனை எழுப்பி நிறுத்தினார்கள். நாள்கணக்கில் படுத்தவனுக்கு, நின்றால் இரத்தம் தலைக்கு ஏறாமல் மயக்கம் வரும். திருட்டுத்தனமாக எழுந்து பழகியவனுக்கு ஒன்றும் ஆகாது. கெசீனா அவன் முகத்தையே பார்த்தாள்.

நின்றான். நன்றாகவே நின்றான். டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

பிறகு அவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கண் செருகி, மூட்டை சரிவதுபோல் அவள்மேல் சாய்ந்தான்.

"வந்து பிடிங்க டாக்டர்," என்றாள். "நடக்கிறவன் விழறான்."