பின் சீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர்

"இதுவும் முனங்குதுப்பா."

"முதலாளி, இதுக்கு மேல திருகுனா பாட்டு கிழிஞ்சுரும். தெருவே திரும்பிப் பாக்குது."

"பாக்கட்டும். நாம என்ன தெருவுக்கா வாங்குறோம்? வேற ஒண்ணு வையி."

கறுப்பு ஹில்மன் காரின் பின் சீட்டில் சாய்ந்தபடி இதைச் சொன்னவர் கீழக்கரை ஹமீது சுல்தான் மரைக்காயர், பெரிய சங்கு வியாபாரி. கதவருகே திருப்புளியோடு குனிந்து, பாட்டுக்கு மேலாக அவர் முகத்துக்கு நேரே கத்தியவர் சேதுராமன். இராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் போகும் தெருவில் ரேடியோ கடை வைத்திருப்பவர். முன் சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இந்த இடத்தில் இல்லாதவன்போல் உட்கார்ந்திருந்தவன் மரைக்காயரின் மகன் முஹைதீன்.

முஹைதீனின் வாப்பா வேண்டாமென்று தள்ளிய மூன்றாவது ஸ்பீக்கர் அது. முதலாவதை முன்பக்கம் ரேடியோவுக்குக் கீழேயே வைத்துப் பார்த்தார்கள். இரண்டாவதைக் கதவில் வைத்தார்கள். இதை, பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில், அவர் பிடரிக்கு ஒரு சாண் தள்ளி வைத்திருந்தார்கள். இலங்கை வானொலி காருக்குள் முழங்கியது.

சேதுராமன் முன் ஜன்னலுக்கு வந்தார். "தம்பி, நீங்களாவது சொல்லுங்க. கார்க்குள்ள நாலு பேர் கேக்க அஞ்சு வாட்டு ஆம்ப்ளிஃபயர் தாராளம். நீங்க பதினஞ்சு வாட்டுப் பெட்டி கேக்குறீக. அது தேர்தலுக்குக் குழாய் கட்டிக்கிட்டுப் போறவுக வாங்குறது. பேட்டரிய உறிஞ்சிப்புடும். நடுவழியில கார் நிண்டா என்னையத்தான் வைவீக."

"எனக்குப் பாட்டு சத்தமா இருக்கணும் அண்ணே," என்றான் முஹைதீன். "கொழும்புல அப்படிக் கேட்டுப் பழகிருச்சு."

அது பொய். ரேடியோ மெல்லப் பாடுகிறது என்று இரண்டு வருஷமாகக் குறைபட்டுக்கொண்டிருந்தவர் வாப்பாதான். முதலில் வீட்டு ரேடியோ செத்துப்போயிற்று என்றார். பிறகு பள்ளிவாசல் மோதினாருக்கு வயதாகிவிட்டது, தொழுகைக்கு அழைக்கும் பாங்கு முன்னைப்போல் எட்டவில்லை என்றார். அதன்பின், இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்றார். உம்மா நூர் நிஷா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "ஆமா, இப்ப எதுதான் முந்தி மாதிரி இருக்கு" என்பாள். கோளாறு ரேடியோவில்தான் என்று வீடே ஒப்புக்கொண்டுவிட்டது. காது என்ற சொல்லை அவரிடம் ஒருவரும் எடுக்கவில்லை.

ஊருக்கும் தெரியாது. செய்த தொழில் அதற்குத் தோதாக இருந்தது. சங்குக்கு விலை பேசுகிறவர்கள் ஒரு துண்டை விரித்து, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக் கூடாது என்று எந்தக் காலத்திலோ ஏற்பட்ட வழக்கம், இப்போது காது கேளாத ஒரு மனிதரைப் போர்த்திக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. துண்டுக்கடியில் அவர் விரல்களை ஏமாற்றியவர் யாருமில்லை. பஞ்சாயத்துக்கு வருகிறவர்களையும் முழுக்கப் பேசவிட்டு, கடைசியில், "ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்குடுங்க" என்பார். எந்த வழக்குக்கும் அது பொருந்தியது. பொறுமைசாலி என்று பேரும் வந்தது. குரல் உரத்துப்போனதைக் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கம்பீரம்தான் இப்போது நடுத்தெருவில் முஹைதீனைக் கூசவைத்தது. கொழும்புக் கடையில் மூன்று வருஷம் இருந்தபோது, ஊருக்குத் திரும்பியதும் இந்தக் காரில் கடலோரமாகப் பாட்டோடு போவதாக எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறான். அந்த எண்ணத்தில் வாப்பா எப்போதும் வெள்ளை வேட்டியும் மௌனமுமாகப் பக்கத்தில் இருப்பார். கடைவீதியே கேட்க, "முனங்குதுப்பா" என்று சொல்லும் வாப்பா அதில் இல்லை.

"என்ன மரைக்காயரே, காருக்குக் காதுகுத்தா?"

முஹைதீன் திரும்பிப் பார்த்தான். காருக்குப் பின்னால் பொன்னுச்சாமி நின்றுகொண்டிருந்தார். சாயல்குடிக்காரர், கல்கத்தா வியாபாரிகளுக்குச் சங்கு பிடித்துக் கொடுக்கும் தரகர். வாப்பாவோடு துண்டுக்கடியில் கைபோட்டு ஒரு தடவையும் ஜெயிக்காதவர். டார்ச் லைட்டுக்குப் பேட்டரி வாங்க வந்திருந்தார்.

வாப்பா திரும்பவில்லை.

"பாட்டுல இருக்காக," என்றான் முஹைதீன் அவசரமாக.

பொன்னுச்சாமி சுற்றிக்கொண்டு எதிரே வந்த பிறகுதான் வாப்பா பார்த்தார். "வாரும், வாரும்," என்று கை நீட்டினார். சோடாக் கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னுச்சாமி கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, வேடிக்கை பார்க்கத் தோதாகக் காலை நீட்டிக்கொண்டார்.

சேதுராமன் உள்ளேயிருந்து நாலாவது ஸ்பீக்கரை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். எட்டு அங்குலம்; பின்னால் வெல்லக்கட்டி போலக் கனமான காந்தம். "இதுக்கு மேல எங்கிட்டச் சரக்கு இல்லை முதலாளி. இது அடிச்சா நெஞ்சு அதிரும்." சீட்டில் ஒரு முழங்காலை ஊன்றி ஏறி, பழையதன் ஒயர்களைக் கழற்றினார். பாட்டு நின்றது. புதியதைப் பலகையில் வைத்தார். ஒயரின் நுனியைச் சீவுவதற்காகப் பல்லில் கடித்தார்.

தெருவில் ஒரு ஜட்கா போயிற்று. சோடாப் பாட்டிலில் கோலிக்குண்டு உள்ளே இறங்கும் சத்தம் கேட்டது. அவ்வளவு அமைதி.

வாப்பா சேதுராமனைப் பார்த்தார். பெஞ்சிலிருந்த பொன்னுச்சாமியைப் பார்த்தார். முன்னாலிருந்த சின்னக் கண்ணாடியில் மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையசைக்கத் தொடங்கினார். விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன.

"ஆ, இது பாட்டு," என்றார். "எம்புட்டுத் தெளிவா இருக்கு. வேற எதுவும் வேணாம். இதையே மாட்டிரு."

ஒயர் சேதுராமனின் பல்லிலேயே இருந்தது.

"அடேயப்பா," என்றார் பொன்னுச்சாமி. "மரைக்காயருக்கு ஒயரில்லாமயே பாடுது. சேதுராமா, அந்த ஒயர வீணாக்காத, எங்கிட்டக் குடு, நான் கொடி கட்டித் துணி காயப்போடுறேன்."

சோடாக் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சேதுராமன் அடக்கிப் பார்த்து, முடியாமல் சிரித்தார். முஹைதீனும் சிரித்தான்.

சிரிக்காமல் இருந்தால் இத்தனை நாள் தெரிந்தே மறைத்தவன் ஆகிவிடுவான். சிரித்தால் இன்றுதான் அறிந்தவன் ஆகலாம். அவ்வளவு யோசித்தா சிரித்தான்? இல்லை. வந்தது, சிரித்தான். கண்ணாடியில் வாப்பாவின் முகம் தெரிந்தது. எல்லாரும் சிரிப்பதைக் கண்டு, நல்ல வேடிக்கை ஏதோ நடந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டவர்போல, எல்லாருக்கும் சற்றுப் பிந்தி அவரும் சிரித்தார்.

பொன்னுச்சாமி எழுந்து ஜன்னலருகே குனிந்தார். குரலைத் தாழ்த்தவில்லை, இனி அது தேவையில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "எம்புட்டு நாளா தம்பி இது?"

"எது?"

"காது."

"தெரியலையே. எனக்கே இன்னைக்குத்தான்..."

பொன்னுச்சாமி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் இளக்காரம்கூட இல்லை. சரக்கைப் புரட்டிப் பார்த்துக் கீழே வைப்பதுபோல் இருந்தது. பிறகு பின் சீட்டுக்குத் திரும்பினார். "மரைக்காயரே, அடுத்த வாரம் சங்குக்கு வாரேன். இந்தத் தடவ துண்டு வேணாம். கல்கத்தாச் சேட்டும் கூட வாரார். நாலு பேரு முன்னால ஒக்காந்து வாயாலயே பேசிக்கிருவோம். சரிதானே?" கேட்டுவிட்டுப் பெரிதாகத் தலையசைத்தார்.

வாப்பாவும் தலையசைத்தார். "சரி, சரி. அப்படியே செய்வோம்," என்றார், கடைவீதிக்கெல்லாம் கேட்கும்படி.

ஒரு சொல் சொல்லியிருக்கலாம். 'துண்டில்லாம எங்க வீட்டுல யாவாரம் கிடையாது' என்றால் போதும். மகன் என்ற உரிமையில் சொல்லக்கூடியதுதான். முஹைதீன் ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த தூசியைக் கட்டை விரலால் துடைத்தான். பொன்னுச்சாமி டார்ச் பேட்டரியை வாங்கிக்கொண்டு போனார்.

"ஆம்ப்ளிஃபயர் பெரிசா, சிறுசா தம்பி?" என்றார் சேதுராமன், அவன் முகத்தைப் பாராமல்.

"பெரிசு."

இருட்டுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். ஆம்ப்ளிஃபயர் முன் சீட்டுக்கடியில் சூடாகிக்கொண்டிருந்தது. பின்னால் புது ஸ்பீக்கர் அதிர்ந்தது. சாலையோர மாடுகள் மிரண்டு ஒதுங்கின. பனங்காட்டு வழியே சுமையோடு போன பெண்கள் நின்று பார்த்தார்கள். குறைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஊர் நெருங்க நெருங்க, அந்தச் சின்னக் கண்ணாடியில் வாப்பா தன்னைப் பார்த்த பார்வை திரும்பத் திரும்ப வந்தது. அப்போது தன் முகத்தில் என்ன இருந்திருக்கும்? போதும், எதையாவது ஒப்புக்கொள்ளுங்கள், கிளம்பலாம் என்பதைத் தவிர வேறொன்றும் இருந்திருக்காது. அதைப் படித்துத்தான் அவர் தாளம் போட்டார். ஒயர் இல்லாத பாட்டை அவருக்குப் பாடிக் காட்டியது தன் முகம்தான் என்று தோன்றியபோது, முஹைதீனுக்குக் காது மடல்கள் எரிந்தன.

இப்போது பாட்டு நிஜமாகவே முழங்கிக்கொண்டிருந்தது. வாப்பா தாளம் போடவில்லை. கைகள் மடியில் கிடந்தன.

வெகுதூரம் போன பிறகு அவர் முன்னால் சாய்ந்தார். அவன் தோளைத் தொட்டார்.

"முஹைதீனு. அங்கன எல்லாரும் சிரிச்சீகளே, நீயும் சிரிச்ச. பொன்னுச்சாமி கடைசியில என்னமோ கேட்டான், நானும் சரின்னுட்டேன். என்ன கேட்டான்? எனக்குச் சொல்லு. பாட்ட நிறுத்திட்டு, கொஞ்சம் உரக்கவே சொல்லு."